ஹோல்டன்ரோடா ஆடின சாயங்காலம்

– யாராவது ஒருத்தன் விழுந்தா போதும் ஆண்டவா. பெருசா ஒண்ணும் வேணாம். லேசா கால் சுளுக்கிகினா கூட போதும்.

– அபிதா, வாயைக் கழுவு! இந்த வருசத்துக்கே கடைசி மேட்ச்சு இது. இன்னிக்குப் போயி நம்ம ஆளுங்க விழணும்னு வேண்டிகினு இருக்கியே.

– நம்ம ஆளு விழுந்தா தாங்க நம்ம பொண்ணு பையைத் தூக்கிகினு கிரவுண்டுக்குள்ள ஓடியாருவா. அவ மொகம் டீவில தெரியணும்னா எவனாவது விழுந்து தான் ஆவணும். நான் இன்னா பண்ணட்டும்?

– தெனம் வீடியோ கால்ல தான் பாக்கறியே.

– அது வேற. அதுல, மாத்திரை போட்டியாம்மா, நேரத்துக்கு சாப்டியாம்மான்னு நம்மளை அவ விசாரிப்பா. இதுல தான் அவ வேலை செய்யறதைப் பாக்க முடியுது. அய்ய, தோ பாருங்க, நெட்டை விழுந்துட்டான்!

– எழுந்துட்டான்.

– சே.

– சேவா? நம்ம டீம்ல கோல் போடறவனே அந்த நெட்டை ஒருத்தன் தான்டி! ஜெர்மன்காரன் காதுல விழுந்துச்சி, உன்னைப் புடிச்சி உள்ள வெச்சிடுவான்.

– ஏங்க, வாசல்ல யாரோ செருப்பு கழட்டறாங்க. போயி பாருங்க.

– நீ போ. கார்னர் கிக்கு.

– தறி பட்டறைல இருந்து யாராவது ஜரிகை கேட்டு வந்திருப்பாங்க. எல்லாத்துக்கும் நானே ஓடணும்… ஏங்க. எழுந்திருங்க. அண்ணி வந்திருக்காங்க.

– எந்த அண்ணி?

– உங்க அக்கா. போளூர் அண்ணி.

– அக்காவா! வாக்கா. உள்ள வாக்கா. ஏன் அங்கயே நின்னுகினு இருக்க? எத்தினி நாளாச்சி நீ வந்து…

– நாளாடா மோகனு? ரெண்டு வருசம். நிச்சயத் தட்டு மாத்தி, பத்திரிகை அடிச்சப்பறம் என் புள்ளைய உன் பொண்ணு வேணாம்னுட்டு ஏரோப்ளேன் ஏறினா பாரு, அன்னிக்கி இந்தப் படி எறங்கினவ. இன்னிக்கு தான் ஏறறேன். குந்தறதுக்கு வரல. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு பஸ் புடிக்கணும்.

– தண்ணியாவது குடிங்க அண்ணி. மொகமெல்லாம் வேத்து கெடக்கு.

– குடு. தண்ணிக்கு பகை இல்ல. மோகனு, இங்க பாரு. பார்த்திபனுக்கு ஆவணில கல்யாணம். பொண்ணு கண்ணமங்கலம். சத்யப்ரியான்னு பேரு. பேங்க்ல வேலை. இந்தா, பத்திரிகை.

– ரொம்ப சந்தோசம்க்கா! அபிதா, கேட்டியா? நம்ம பார்த்திபனுக்கு!

– இரு, முடிக்கல. தாய்மாமன் நீ ஒருத்தன் தான் இருக்க. நீ வந்து மாலை போடாம அவனை மணவறைல உக்கார வெக்க முடியாது. அதுக்கு தான் என் மானத்தை விட்டுட்டு வந்தேன். நீ வா, அபிதா வரட்டும். உங்களுக்கு செய்ய வேண்டிய மரியாதை எல்லாம் செய்யறேன். ஆனா அவ வரக் கூடாது.

– எவ?

– ஏன்டா, உனக்கு எத்தினி பொண்ணு? லாவண்யா. அவ அந்த மண்டபத்துல கால் வெக்கக் கூடாது. சரின்னா சரின்னு சொல்லு, கெளம்பறேன்… டேய், நான் பேசிகினே இருக்கேன், நீ இன்னாடா தலையில கை வெச்சிகினு டீவியப் பாக்கற?

– கோல் போட்டுட்டான்க்கா. எதிர் டீமு. ஒண்ணு பூச்சியம். போச்சு.

– நான் என் புள்ளை கல்யாணம் பேசறேன்!

– அக்கா, கோச்சிக்காத. பத்திரிகையை மேசை மேல வெய்யி. இந்த ஆட்டம் முடியட்டும், பதில் சொல்றேன். இப்ப சொன்னா கோவத்துல ஏதாவது சொல்லிடுவேன்.

– பந்தாட்டம் முடியற வரைக்கும் நான் காத்துகினு இருக்கணுமா? நல்லா இருக்குடா நாயம். சரி. பதில் வாங்காம போவ மாட்டேன். அந்த சேரைத் தள்ளு.

– காபி போடட்டுமா அண்ணி?

– நான் ஒண்ணும் கேக்கல. போட்டா குடிக்கறேன்.

– தோ, ரெண்டு நிமிசம். ஏங்க, எவனாவது விழுந்தா கொரல் குடுங்க.

– நான் ஒண்ணும் கேக்கல மோகனு. ஆனா இது எந்த ஊரு ஆட்டம்? உனக்கு கிரிக்கெட்டே ஒழுங்கா தெரியாதே.

– ஹோல்டன்ரோடா. ஜெர்மனில லாவண்யா இருக்கற ஊருக்கா. நீலச் சட்டை நம்மாளுங்க. சட்டையில மாரு மேல ஒரு படம் இருக்கு பாரு, இன்னா தெரியுது?

– மீன் மாதிரி இருக்குது.

– மீன் இல்லக்கா. நாடா! நம்ம தறியில பாவு நூலுக்கு நடுவுல அப்டியும் இப்டியும் ஓடுதே, அதே நாடா. இது தறிக்காரங்க ஆரம்பிச்ச கிளப்பு.

– தமாஷ் பண்ணாத.

– சத்தியமா. அந்த ஊருல ஒரு பெரிய மில்லு இருந்துச்சி. வாரம் பூரா அங்க நெய்யற ஜனங்க ஞாயித்துக்கெழமை பந்து ஆட எடம் கேட்டாங்க. மொதலாளி முடியாதுன்னுட்டான். ஆத்தங்கரைல துணியை வெளுத்து விரிச்சி காய வெக்கற புல்லுத்தரை ஒண்ணு இருந்துது. துணி இல்லாத நாள்ல அதுல போயி ஆடினானுங்க. நம்ம தெருவுல பாவு ஓட்டி முடிச்சதும் பசங்க ஸ்டம்ப் நடறானுங்களே, அந்த மாதிரி தான். தோ, இப்ப ஆடறாங்களே, அதே எடம். நூறு வருசத்துக்கு மேல ஆச்சி.

– அப்பறம்?

– அப்பறம் ஒலகச் சண்டை வந்துச்சி. ஆடினவன்ல பாதி பேரு திரும்பி வரல. கிரவுண்டை உழுது உருளைக்கெழங்கு போட்டுட்டாங்க. சண்டை முடிஞ்சி, மிச்சம் இருந்தவன் கெழங்கைப் புடுங்கிட்டு மறுபடி கோல் கம்பம் நட்டான். ஒரு வருசம் தலைநகரத்து பெரிய டீமையே இங்க வர வெச்சி மண்ணைக் கவ்வ வெச்சிருக்கானுங்க. அந்தக் கதைய இன்னும் சலூன்ல, பேக்கரில எல்லாம் பேசிகினு இருக்காங்களாம். அதுக்கப்பறம் நாடே ஒண்ணா சேந்துச்சில்ல, சுவரை இடிச்சானுங்களே? மில்லை மூடிட்டாங்க. வயசுப் பசங்கல்லாம் வேலை தேடி மேற்க போயிட்டானுங்க. எவனோ ஒரு பிசினஸ்காரன் வந்து, உங்க கிளப்பை நான் எங்கயோ கொண்டு போறேன் பாருன்னு சொல்லி…

– கொண்டு போயி?

– திவால் ஆக்கிட்டு ராவோட ராவா ஓடிட்டான். கோர்ட்டு கிளப்பை மூடிடுச்சி. அவ்ளோ பழைய கிளப்பு, கேட்டுக்குப் பூட்டு. ஊர் ஜனம் ஒரு வாரம் பூட்டின கேட்டு கிட்டயே வந்து நின்னுட்டு போவாங்களாம்.

– ஏங்க, இந்தாங்க காபி. அண்ணி, உங்களுக்கு சக்கரை கம்மியா போட்டிருக்கேன். எவனும் விழலையா?

– விழல. கம்முனு உக்காரு. கேளுக்கா. ஊர்க்காரங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? முடி வெட்டறவரு, வாத்தியாரம்மா, ரொட்டி சுடறவன்னு எல்லாம் ஒண்ணா சேந்து, அதே பேருல, அதே நாடாவைப் போட்டு, புதுசா ஆரம்பிச்சாங்க. ஆனா சட்டப்படி எல்லாத்துக்கும் கீழ இருக்கற டிவிஷன்ல இருந்து தான் வரணும். பட்டிக்காட்டு டீமுங்களோட, மாடு மேயற கிரவுண்டுல எல்லாம் ஆடினானுங்க. இவங்க ஆட வர்ற அன்னிக்கி அந்த ஊரு ஜனத்தை விட இவங்க கூட வர்ற ஜனம் அதிகமா இருக்குமாம். அங்கிருந்து ஒவ்வொரு படியா ஏறி ஏறி…

– விழுந்துட்டான்! ஏங்க, மொட்டை விழுந்துட்டான்! தோ, தோ வரா பாருங்க! அண்ணி, பாருங்க!

– எங்க? எவ?

– நீல ஜெர்கின், முதுகுல பை. தோ ஓடறாளே!

– அது லாவண்யாவா? முடி எங்கடி? இடுப்பு வரைக்கும் இருந்துச்சே!

– வெட்டிகினா அண்ணி. அந்தக் குளுருல தலைக்கு குளிச்சா காயறதில்லையாம்.

– எளைச்சிட்டா… இவ்ளோ வேகமா ஓடறா. சின்னதுல ரேஷன் கடைக்கு போன்னா கூட ஆடி அசைஞ்சி போவாளே. இன்னா பண்றா இப்ப?

– கோல் கீப்பருக்கு கெண்டைக்கால் இழுத்துகினு இருக்கும்க்கா. காலைத் தூக்கி புடிச்சி மடக்கறா பாரு. அவ்ளோ தான், எழுந்துட்டான். கை தட்டறாங்க பாரு ஜனம்!

– சரி, கேக்கறேன்னு நெனைக்காத. பத்தாயிரம் பேரு பாக்க, ஆம்பளைங்க காலைப் புடிச்சிகினு. இதுக்கா என் புள்ளைய வேணாம்னா?

– அண்ணி…

– நீ இரு அபிதா. ஆஸ்பத்திரி வேலைக்குப் போறான்னு தானே சொன்னீங்க? பிசியோதெரபி படிச்சிருக்கா, கெழவன் கெழவிக்கு நடக்க சொல்லித் தர்றான்னு. இது இன்னா கூத்து?

– ஆஸ்பத்திரி வேலை இன்னும் இருக்குதுக்கா. இது சனி ஞாயிறு. போன புதுசுல அந்த ஊருல அவளுக்கு ஒருத்தரும் தெரியாது. பனி கொட்டுது, நாலு மணிக்கே இருட்டிடுது. போன்ல ஒண்ணும் சொல்ல மாட்டா, ஆனா கொரல்லயே தெரியும். ஒரு சனிக்கெழமை சும்மா நடந்துகினு இருந்தாளாம். தூரத்துல வெளக்கு, ஜனம் பாடற சத்தம். டிக்கெட் வாங்கிகினு உள்ள போயி நின்னுட்டா. பக்கத்துல நின்ன கெழவி ஒருத்தி தன் கழுத்துத் துண்டை எடுத்து இவ கழுத்துல சுத்தி விட்டாளாம். அன்னிக்கி தான்க்கா என் பொண்ணு போன்ல சிரிச்சா. அப்பா, இவங்க கொடியில நாடா இருக்குப்பான்னா. அப்பறம் டீம்ல இருந்த பழைய பிசியோ வயசாயிட்டுதுன்னு நின்னுட்டாரு. இவளைக் கூப்ட்டாங்க.

– நீயும் இங்க உக்காந்து பைத்தியம் ஆயிட்ட.

– ஆயிட்டேன்க்கா. ஒத்துக்கறேன். மொதல்ல இவளுக்காக பாத்தேன். இப்ப இவ லீவு போட்டாலும் பாக்கறேன்.

– பாதி ஆட்டம் முடிஞ்சிடுச்சிங்க. ஒண்ணு பூச்சியம்.

– நல்லதா போச்சி. மோகனு, இப்ப சொல்லு. பாதி பதிலாவது சொல்லு.

– முழுசாவே சொல்றேன். வரல.

– இன்னாடா?

– என் பொண்ணு வரக் கூடாத எடத்துக்கு நான் வரல. பார்த்திபன் என் தோள் மேல வளந்த புள்ளை. அவனுக்கு மாலை போட எனக்கு ஆசை இல்லியா? ஆனா ஒரு பிள்ளைக்கு மாலை போட இன்னொரு பிள்ளையை வாசல்ல நிக்க வெக்க சொல்றியே. முடியாதுக்கா.

– ஊரு கேட்டுதுடா என்னை! பொண்ணுக்கு இன்னா கொறைன்னு யாரும் கேக்கல. உன் புள்ளைக்கு இன்னா கொறை, அவ ஏன் ஓடினான்னு தான் கேட்டாங்க. கல்யாண வீடு, சாவு வீடு, பஸ் ஸ்டாண்டு, ஒரு எடம் பாக்கி இல்ல. அவன் ஆறு மாசம் வெளிய தலை காட்டல. அது உனக்குத் தெரியுமா?

– தெரியும்க்கா. அது தப்பு தான். பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடியே அவ வாயைத் தொறந்து சொல்லி இருக்கணும். சொல்ல முடியாம நாம எல்லாம் சேந்து அவ வாயை அடைச்சோம். அவளும் உன் காலைப் புடிச்சி மன்னிப்பு கேக்கணும்னு எத்தினி வாட்டி போன் போட்டா? நீ எடுக்கல.

– எடுக்க மாட்டேன். நான் கெளம்பறேன். பத்திரிகை இருக்கட்டும். வர்றது, வராதது உன் இஷ்டம்.

– அண்ணி, கோவத்தோட வாசப்படி தாண்டாதீங்க. பஸ் தான் அரை மணிக்கு ஒண்ணு இருக்கே. ஒரு வாய் டிபன் சாப்ட்டு போங்க. கேசரி கெளறி வெச்சிருக்கேன்.

– கேசரியா? எதுக்கு?

– கெலிச்சா பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுக்கலாம்னு.

– தோத்தா?

– தோத்தா நாங்களே சாப்ட்டுக்கலாம்னு.

– நல்ல குடும்பம். கொண்டா, ரெண்டு கரண்டி போதும். மோகனு, மொறைக்காத. கேசரிக்கும் பகை இல்ல.

– மறுபடி ஆரம்பிச்சிட்டாங்க. அக்கா, கொஞ்சம் தள்ளி குந்து, டீவி மறைக்குது. இன்னிக்கு கெலிச்சா மூணாவது டிவிஷன். இந்தக் கிளப்பு திவால் ஆன பின்னால அங்க போனதே இல்ல. போன வாரம் அந்த ஊருல ஆடினது டிரா. அதனால இன்னிக்கு கெலிக்கறவன் மேல போறான், தோக்கறவன் இங்கியே கெடக்கறான். ஏய், ஏய், நெட்டை கிட்ட போச்சி பந்து… போடுடா… போடுடா ராஜா…

– போட்டுட்டான்! ஏங்க, போட்டுட்டான்!

– கோல்! ஒண்ணுக்கு ஒண்ணு! அக்கா, பாத்தியா? அந்த நெட்டைய பாத்தியா? தலையால முட்டினான்க்கா!

– பாத்தேன், பாத்தேன். காதைக் கிழிக்காத. நல்ல ஒசரம் இருக்கான் பையன்.

– அவன் ஒருத்தன் இருந்தா போதும்க்கா. இன்னும் இருவது நிமிசம் இருக்குது. இன்னொண்ணு போட்டுடுவான். அவன் ஆட்டம் அப்டி, சீறிகினு வருவான் பாரு.

– அய்யய்யோ!

– இன்னாடி?

– மண்டையும் மண்டையும் மோதிகிச்சிங்க! நெட்டையும் அந்தச் செவப்பு சட்டையும். ரெண்டு பேரும் கெடக்கறாங்க!

– அதானே கேட்டுகினு இருந்த காலைல இருந்து? வந்துச்சி பாரு!

– இவ்ளோ பெருசா நான் கேக்கலீங்க… லாவண்யா ஓடறா. டாக்டரும் ஓடறாரு.

– டாக்டரு செவப்பு சட்டை கிட்ட போயிட்டாரு. அவனுக்கு ரத்தம் ஊத்துது. நெட்டைய நம்ம பொண்ணு தான் பாக்கறா. எழுந்துட்டான்! அப்பாடா. எழுந்து உக்காந்துட்டான். நிக்கறான். சிரிக்கறான்க்கா. ஒண்ணும் இல்ல. பயந்தே போயிட்டேன்.

– ஏங்க, அவ ஏன் வெரலை அவன் மொகத்துக்கு நேரா ஆட்டறா?

– கண்ணு வெரலோட ஓடுதான்னு பாக்கறா. ஏதோ கேக்கறா அவனை. அவன் பதில் சொல்றான். அவ தலைய ஆட்டறா. இல்லன்றா. ஐயோ, வேணாம்மா…

– இன்னாடா ஆச்சி?

– பெஞ்சைப் பாத்து ரெண்டு கையையும் சுத்தறாக்கா. ஆளை மாத்துன்றா. நெட்டைய வெளிய எடுக்கறா!

– அவன் தான் நல்லா நிக்கறானே?

– அதான்! அவன் அவ கையைத் தள்றான் பாரு. நான் ஆடறேன், வுடுன்றான். கோச்சு ஓடி வந்து கத்தறாரு. ஜனம் பூரா எழுந்துட்டாங்க. கேக்குதா சத்தம்? ஊன்னு கத்தறாங்க. எல்லாம் நம்ம பொண்ணைத் தான்.

– அவ்ளோ பெரிய கூட்டம், ஒத்தைப் பொண்ணைப் போயி… ஏங்க, அவளுக்கு போன் போடுங்க. வுட்டுட சொல்லுங்க. அவன் ஆடட்டும், நமக்கு இன்னா?

– கிரவுண்டுல நிக்கறவ போன் எடுப்பாளாடி? வுட்டுடும்மா. லாவண்யா, வுட்டுடும்மா. அவன் போனா நாம தோத்தோம்மா…

– வுடாதடி!

– அக்கா?

– வுடாதடி லாவண்யா! புடி அவனை! மாரு மேல கைய வெச்சி நிறுத்து!

– அக்கா, உனக்குத் தெரியாது, அவன் இல்லாம…

– எனக்கு தான்டா தெரியும்! உங்க மாமா சந்தவாசல் கிட்ட வண்டில இருந்து விழுந்தாரே, எப்டி இருந்தாரு? ஒரு கீறல் இருந்துச்சா? எழுந்து மண்ணைத் தட்டிகினு, தானே வண்டிய ஓட்டிகினு வீடு வந்தாரு. இதே மாதிரி சிரிச்சிகினு தான் வந்தாரு. ஒண்ணும் இல்ல தனகோடி, காபி போடுன்னாரு. குடிச்சாரு. கொஞ்சம் தலைய சாய்க்கறேன்னாரு. அவ்ளோ தான்டா. வழியில எத்தினி பேரு பாத்தாங்க! அவரைத் தூக்கி வுட்டாங்க, தண்ணி குடுத்தாங்க. நீ வண்டி ஓட்டக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வான்னு வழி மறிச்சி நிறுத்த ஒரு ஆளு இல்ல. ஒரே ஒரு ஆளு!

– அக்கா… உக்காரு. உக்காருக்கா.

– நான் உக்கார மாட்டேன். அவ நிக்கறா பாரு. நகரலை பாரு. அவன் ஒசரத்துக்கு இவ தோள் வரைக்கும் கூட வரல, சுவரு மாதிரி நிக்கறா. அப்டி தான்டி. ஊரு கத்தும். ஊரு எதுக்குத் தான் கத்தல? நீ நில்லு!

– ஏங்க… நடக்கறான். வெளிய போறான். அவ தோள் மேல கைய போட்டுகினு போறான்.

– ஜனம் இன்னும் கத்தறாங்க. தண்ணி பாட்டிலு வந்து விழுது அவ கால்கிட்ட.

– எவன்டா அவன் பாட்டிலு எறிஞ்சவன்? என் கைல கெடைச்சான்… மோகனு, நெட்டைக்கு பதிலா யாரு வர்றது?

– பேக்கரி வராரு.

– பேக்கரின்னா?

– நான் வெச்ச பேரு அண்ணி. நெஜமாவே ரொட்டி சுடறவரு. கடைசி டிவிஷன்ல, மாடு மேயற கிரவுண்டுல ஆடினாங்கன்னாரே, அப்ப இருந்து இருக்கற ஒரே ஆளு. வயசாயிட்டுது. பெஞ்சுல தான் உக்காந்திருப்பாரு. இந்த மேட்ச்சோட ஆட்டத்தை வுடறாரு. லாவண்யாவுக்கு வாரா வாரம் ரொட்டி குடுத்து அனுப்புவாரு.

– தொப்பை வேற இருக்கே. இவரா கோல் போடப் போறாரு?

– அதான்க்கா நானும் சொல்றேன். முடிஞ்சிடுச்சி. பேஜார் தான். ஐயோ, செவப்பு சட்டை அடிக்கறான்… கம்பத்துல பட்டுது! தப்பிச்சோம்… என்னால பாக்க முடியல. அபிதா, நீ பாத்து சொல்லு.

– கண்ணைத் தொறங்க. அங்க பாருங்க, பெஞ்சைக் காட்டறான். நெட்டை வாந்தி எடுக்கறான்.

– எங்க?

– லாவண்யா தலைய புடிச்சிகினு இருக்கா. இப்ப ஸ்ட்ரெச்சர் வருது. ஆம்புலன்சும் நிக்குது. ஏங்க, கோச்சு அவ கிட்ட போறாரு.

– திட்டப் போறானா?

– இல்ல அண்ணி. தலைய குனிஞ்சிகினு ஏதோ சொல்றாரு. அவ முதுகைத் தட்டிட்டு போறாரு. ஜனத்தோட கத்தல் நின்னுடுச்சி, கவனிச்சீங்களா?

– பெரிய டீவில அவங்களுக்கும் காட்டி இருப்பான். இப்ப தெரிஞ்சுதா? இப்ப தெரிஞ்சுதாடா உங்களுக்கு? அந்தப் பையனோட அம்மா எங்க இருக்காளோ, அவ கும்புடுவா என் மருமவளை… மோகனு, இன்னும் எவ்ளோ நேரம் இருக்குது?

– நேரம் முடிஞ்சிடுச்சி. அடிபட்டு நின்னாங்க இல்ல, அதுக்கு மேல நேரம் குடுத்திருக்கான். அதுவும் தீரப் போவுது. மொட்டை பந்தை ஒதைச்சிட்டான். போவுது, போவுது… பேக்கரி ஓடறாரு. ஓடுய்யா! ஜல்தி! ஓடு!

– மூச்சு வாங்குது அவருக்கு, பாவம்.

– பந்து அவர் முட்டில பட்டு…

– உருளுது…

– உருளுது… கீப்பர் தாவறான்… எட்டலை… எட்டலை…

– உள்ள போச்சி! டேய் மோகனு, உள்ள போச்சிடா!

– கோல்! கோல்! கோல்! பேக்கரி! என் சாமி! என் ராசா! முட்டில போட்டாருடி! அக்கா, முட்டில!

– என்னை வுடுடா, கீழ தள்ளிடப் போற! நான் பாத்துகினு தானே இருந்தேன், வலையே ஆடல, மெதுவா உருண்டுகினு போச்சி, போச்சில்ல? கணக்கு தானே?

– கணக்கு தான்க்கா! ரெண்டுக்கு ஒண்ணு! விசில் அடிச்சிட்டான்! முடிஞ்சிடுச்சி! மூணாவது டிவிஷன்! ஹோல்டன்ரோடா!

– ஏங்க, ஜனம் பூரா கிரவுண்டுக்குள்ள எறங்குது. லாவண்யா எங்க? அவளை மிதிச்சிடப் போறாங்க. லாவண்யாவைக் காணோம்!

– இரு, இரு. கேமரா திரும்புது. பேக்கரி அழுவறாரு. புல்லைக் கட்டிப் புடிச்சிகினு அழுவறாரு பாரு. கெழவன்ல்லாம் வேலி ஏறிக் குதிக்கறானுங்க.

– தோ! மேல பாருங்க! மொட்டை தோள் மேல!

– ஐயோ, என் தங்கம்! கோல் கீப்பர் தோள்ல தூக்கி வெச்சிருக்கான்க்கா! நடுக் கிரவுண்டுல! பாடறாங்க! அவ பேரைத் தான் பாடறாங்க! லாவன்யான்னு நாக்கு திரும்பாம பாடறானுங்க, கேக்குதா?

– கேக்குது. வாயை மூடுடா, நல்லா கேக்கட்டும் எனக்கு.

– இந்த ஜனம் தாங்க இவ்ளோ நேரம் ஊன்னு கத்துச்சி.

– அவங்களும் மனுசங்க தானே அபிதா. தப்புன்னு தெரிஞ்சா மாத்திகினு பாடறாங்க. மாத்திக்கறதுக்கு இன்னா… கண்ணுல தூசு. அந்த முந்தானைய குடு.

– உங்க முந்தானையே இருக்கே அண்ணி.

– அது பட்டு. நீ குடு.

– போன் அடிக்குது! வீடியோ கால்! அவ தான்! கிரவுண்டுல இருந்தே பண்றா! ஹலோ! அம்மாடி! பாத்தோம்மா! எல்லாம் பாத்தோம்! ஒண்ணும் கேக்கல, ஒரே சத்தமா இருக்குது! உன் அம்மா கேசரி கெளறி வெச்சிருக்கா! இல்ல, அழுவல, நான் எங்க அழுவறேன்…

– போனை இங்க குடு.

– அக்கா, வேணாம்க்கா. சந்தோசமா இருக்கா. கல்யாணப் பேச்செல்லாம் இன்னொரு நாள் நாமளே பேசிக்கலாம். இப்ப போயி அவளை…

– குடுங்க, பேசட்டும்.

– இல்லடி அபிதா…

– நான் சொல்றேன் குடுங்க.

– இதை எப்டி புடிக்கறது? சரி. லாவண்யா. தெரியறனா? அத்தை தான்… ஏன்டி அழுவற? மொதல்ல அந்தப் பையன் எப்டி இருக்கான் சொல்லு… ஸ்கேன் எடுக்கறாங்களா? நெனைவு நல்லா இருக்குதா? நல்லது. தூங்க வுடாம யாராவது கூட இருக்க சொல்லு… ம்… போதும், மன்னிப்பு கேட்டது போதும். நானும் ரெண்டு வருசம் போன் எடுக்கல, சரியா போச்சி. கேளு. பார்த்திபனுக்கு ஆவணில கல்யாணம்… தெரியுமா? யாரு சொன்னது?… அவனேவா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா பாரு, திருட்டுப் பய! சரி, கேளுடி. உன் அப்பனை மாலை போட வரச் சொல்லி தான் வந்தேன். இப்ப உன்னையும் கூப்டறேன். சும்மா ஓரமா உக்காந்து சாப்ட்டுட்டு போறதுக்கு இல்ல. என் புள்ளைக்கு கூடப்பொறந்தவ இல்ல. அவன் தாலி கட்டறப்ப பொண்ணுக்குப் பின்னாடி நின்னு முடிச்சு போட எனக்கு ஒரு மக வேணும். மருமவளா வராட்டி போ, மகளா வந்து நில்லு. நாத்தனார் முடிச்சு நீ தான்டி போடற.